ஸ்போர்ட்ஸ் காரும் ஸ்டெப்னியும்

நம் ஊரில் பஸ் கண்டக்டர் முதல் லாரிக் கிளீனர் வரையில் எல்லோரும் ‘ஸ்டெப்னி’ என்று வாய் நிறையச் சொல்லும் உபரிச் சக்கரத்துக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், அது ஏதோ யந்திர சாஸ்திரத்தைச் சேர்ந்த ஆங்கிலப் பதம் என்றே பெரும்பாலோர் விடை சொல்வார்கள். ஆனால் இங்கிலாந்தில் ஒரு மெக்கானிக்கிடம் போய் ‘ஸ்டெப்னி எங்கே?’ என்று கேட்டால், லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு பேட்டைக்கு அவர் வழி சொல்லக்கூடுமேயொழிய டிக்கியைத் திறந்து காட்டமாட்டார். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரிலே ஸ்டெப்னி வீதி என்று ஒரு வீதி உண்டு. 1904ஆம் ஆண்டில் அவ்வூரைச் சேர்ந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்னும் சகோதரர் இருவர், ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரைப் பொருத்தி, பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கவாட்டில் அவ்வளையத்தைக் கவ்விகளால் இறுக்கிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்படியான ஒரு சாதனத்தைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். வீதியின் பெயர் கம்பெனிக்கு வந்தது. கம்பெனியின் பெயர் சாமானுக்கு வந்தது. கம்பெனி மறைந்து, அந்தச் சாமானும் மறைந்த பின்னரும், பெயர் மாத்திரம் இந்தியாவிலும் மால்டாவிலும் நிலைத்துவிட்டது. பிரேசில் தேசத்தார் இன்றும் அதை ‘எஸ்டெப்பி’ என்று வழங்குகிறார்கள்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆதி ஸ்டெப்னியானது கெட்டுப்போன சக்கரத்துக்குப் பிரதியாக வந்த சக்கரமன்று. அதன் பக்கத்தில் கட்டிவைத்த ஊன்றுகோல். கால் முறிந்தவன் கோலை ஊன்றிக்கொண்டு வைத்தியர் வீடு வரையில் போய்ச் சேரலாம். அதே கோலை நம்பி அவன் காசி யாத்திரை போக முடியாது. ஸ்போர்ட்ஸ் காரில் நெடுந்தூரப் பிரயாணம் போகிறவர்கள் உபரிச் சக்கரம் ஒன்றைச் சுமந்து செல்ல வேண்டுமா என்னும் பிரச்சினையில் பல காலமாக நடந்துவரும் வாதங்களை ஆராய்ந்து பார்க்கும்போது, ஊன்றுகோலுக்கும் காலுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலோர் மறந்துவிடுவதே குழப்பத்துக்கெல்லாம் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

காற்றடைத்த டயரின் பாலியப் பருவம் மிகவும் பரிதாபமானது. 1895ஆம் ஆண்டில் பாரிஸிலிருந்து போர்தோ நகருக்குப் போய்த் திரும்பும் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்று டயர் பூட்டிய மோட்டார் வண்டி ஒன்றைத் தாங்களே ஓட்டிச் சென்றபோது, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தூரத்துக்குள் 22 டியூபுகளைச் செலவிட்டார்கள் என்று சொல்வார்கள். அக்காலத்தில் சக்கரம் அச்சோடு அச்சாக இருக்கும். பாதையோரத்தில் உட்கார்ந்து டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுத்து, டியூபை மாற்றி, மறுபடி நெம்பி ஏற்றிக் காற்றடிக்க வேண்டும். 1906ஆம் ஆண்டில் லீ மான்ஸ் நகரையடுத்து நடந்த முதலாவது பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில், டயரோடு சேர்த்துக் கழற்றி மாட்டக்கூடிய ரிம்முகளை மிஷலின் கம்பெனியார் சில வண்டிகளுக்குக் கொடுத்தார்கள். கால் மணி நேர வேலை சில நிமிஷ வேலையாகச் சுருங்கிற்று; அந்த ரிம்முகளைப் பூட்டியிருந்த ரெனோ வண்டியில் ஃபெரெங்க் ஸிஸ் வெற்றி பெற்றார். பிறகு சக்கரத்தையே கழற்றி மாட்டும் வசதி சாதாரண வண்டிகளுக்கும் வந்து சேர்ந்தது. ஐந்தாவது சக்கரம் என்பது அன்றுமுதல் வண்டியின் அங்கங்களில் ஒன்றாகிவிட்டது.

குடும்பத்தார் ஏறிப்போகும் பெரிய வண்டிகளுக்கு இந்த ஐந்தாவது அங்கம் ஒரு பாரமாகவே தோன்றவில்லை. மட்கார்டின்மேல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரத்தை வைத்து அதையே ஓர் அலங்காரமாகக் காட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஸ்போர்ட்ஸ் காரின் நிலைமை வேறு. அது இரண்டு பேருக்காக ஏற்பட்டது; தாழ்வாகவும் லேசாகவும் இருக்க வேண்டும் என்பதே அதன் ஜன்ம லக்ஷணம்; அதனுள் இருக்கிற ஒவ்வொரு சாண் இடமும் எஞ்சினுக்கும் பெட்ரோல் தொட்டிக்கும் பயணிகளின் முழங்காலுக்கும் இடையே சண்டைக்குரிய சொத்து. இங்கிலாந்தின் எம்.ஜி. டி.சி. வண்டி அந்தச் சண்டையில் கலந்துகொள்ளாமலே, பின்புறத்துப் பெட்ரோல் தொட்டியின் முதுகில் சக்கரத்தைக் கட்டிவைத்துக்கொண்டது. 1954இல் வெளிவந்த மெர்ஸிடிஸ் 300 எஸ்.எல். என்னும் வண்டி, கதவுகள் கடற்பறவையின் சிறகுகளைப்போல மேல்நோக்கித் திறக்கும் அழகுக்காகப் புகழ் பெற்றது. அதன் டிக்கியைத் திறந்தாலோ உபரிச் சக்கரம் ஒன்றே இடத்தை நிறைத்துக்கொண்டு கிடக்கும். துணிமணிகளை ஆசனங்களுக்குப் பின்னால் திணித்துக்கொள்ள வேண்டியதுதான். பந்தய விதிகளும் இந்தச் சுமைக்குச் சாதகமாகவே இருந்தன. 1960களில் லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய ஃபோர்ட் ஜி.டி.40 முதலிய வண்டிகளும், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிற வேகத்திலும், விதியை முன்னிட்டு ஓர் உபரிச் சக்கரத்தை மூக்கில் வைத்துக்கொண்டே பறந்தன.

அமெரிக்காவிலே ஃபோர்ட் கம்பெனியாரின் தண்டர்பேர்ட் வண்டிக்கு இந்த விஷயத்தில் நேர்ந்த அநுபவம் வேடிக்கையானது. 1955இல் வந்த முதல் மாதிரியில் சக்கரம் டிக்கிக்குள்ளேயே இருந்தது. இரண்டு பேர் பிரயாணம் போவதற்கு வேண்டிய பெட்டிகளை வைக்க இடமில்லை என்று குறை எழுந்தது. மறு வருஷம் சக்கரத்தை வெளியே எடுத்து, பின்பக்கத்து பம்பரின்மேல் நிறுத்தி, அதற்கு ஓர் உறையும் போட்டார்கள். லிங்கன் காண்டினென்டல் என்னும் வண்டியினால் பிரபலமான அந்த ஏற்பாடு பார்வைக்கு ராஜகம்பீரமாகத்தான் இருந்தது. பின் அச்சுக்கும் அப்பால் அவ்வளவு பாரம் தொங்கியதால் வண்டியின் நடையும் ஸ்டியரிங்கின் பிடிமானமும் கெட்டன என்பதை, ஓட்டிப் பார்த்தவர்கள்தாம் கண்டார்கள். 1957இல் டிக்கியையே நீளமாக்கி, சக்கரத்தை மறுபடியும் உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு சக்கரம் உள்ளே இருந்து வெளியே போய், வெளியே இருந்து உள்ளே வருவதற்கு மூன்று வருஷமும் இரண்டு தடவை வண்டியின் பின்புறத்தைத் திருத்தியமைக்கும் செலவும் ஆயின. ஸ்போர்ட்ஸ் காரில் உபரிச் சக்கரத்துக்கு நல்ல இடம் என்று ஒன்று கிடையாது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணத்தை நான் அறியேன்.

தண்டர்பேர்டின் போட்டியாளராகிய ஷெவ்ரலே கம்பெனியின் கார்வெட் வண்டியையே இனி இந்த ஆராய்ச்சிக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வோம்; 1953இல் பிறந்து இன்றுவரை வம்சம் தழைத்துவரும் வண்டி அது. தவிர, அதன் சொந்தக்காரர்கள் அமெரிக்காக் கண்டத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரையில் அளந்துபார்ப்பதில் பிரியமுள்ளவர்கள். கென்டக்கி மாநிலத்தில் வண்டி தயாராகும் பௌலிங் கிரீன் நகரத்துக்கு, ஐந்தாண்டுக்கு ஒரு முறை நாட்டின் நானா திசைகளிலிருந்தும் அணி அணியாக ஓட்டிவருவதை ஒரு தீர்த்த யாத்திரையைப்போல நடத்துகிறார்கள். முதல் கார்வெட்டில் சக்கரம் டிக்கியின் தரைக்கடியில் இருந்தது. 1963இல் வந்த இரண்டாம் தலைமுறை வண்டிக்கு வெளியிலிருந்து திறக்கும் டிக்கியே இல்லாமற் போகவே, பெட்ரோல் தொட்டிக்கும் கீழே ஒரு தொட்டிலைத் தொங்கவிட்டு அதில் சக்கரத்தைக் கிடத்தினார்கள். பஞ்சரானால் நடுரோட்டில் மல்லாந்து படுத்துத்தான் அதை இறக்க வேண்டும்; உல்லாசப் பிரயாணத்துக்கென்று உடுத்திய வெள்ளைச் சட்டை அதன்பிறகு எந்த நிறத்தில் இருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். நான்காம் தலைமுறை முடிவடைந்த 1996 வரையில் ஏதோ ஒரு வடிவத்தில் ஐந்தாவது சக்கரம் கார்வெட்டின் பின்புறத்து அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏதோ ஒரு வடிவத்தில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இடைக்காலத்தில் ஸ்டெப்னி மெலிந்துவிட்டது. காற்றில்லாமல் சுருங்கிக் கிடந்து, வேண்டும்போது ஊதிப் பெரிதாக்கிக்கொள்ளும் மடிப்பு டயர்களை 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க டயர்க் கம்பெனி ஒன்று கொண்டுவந்தது; ஜெர்மனியின் போர்ஷே 911 வண்டியில் அத்தகைய டயரும், அதை ஊதுவதற்கு ஒரு சிறு மின்சாரக் கம்ப்ரசரும் பல ஆண்டுகள் இடம் பெற்றிருந்தன. மற்ற இடங்களில், சைக்கிள் டயரின் அண்ணனைப்போல ஒல்லியாக இருக்கும் தற்காலிகச் சக்கரம் வழக்கத்துக்கு வந்தது. அதற்கு 60 பவுண்டு அழுத்தத்தில் காற்றடிக்க வேண்டும். மணிக்கு 50 மைலுக்குமேல், அதாவது 80 கிலோமீட்டருக்குமேல், ஓட்டக் கூடாது. ஐம்பது அறுபது மைலுக்குள் கடையைப் பார்த்துவிட வேண்டும். ஆக, லனெல்லி சகோதரர்களின் ஊன்றுகோல் முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு புது வேஷத்தில் திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

1997ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் தலைமுறைக் கார்வெட்டில் அந்தக் கோலும் இல்லை, ஜாக்கியும் இல்லை. காற்று முழுவதும் இறங்கிவிட்டாலும் வண்டியைத் தாங்கிக்கொண்டு ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்கள் அதில் வழக்கமாகவே பூட்டப்பட்டன. அவற்றின் பக்கச் சுவர் தடித்த ரப்பரால் உள்ளிருந்து வலுப்படுத்தப்பட்டது. காற்று தாங்க வேண்டிய பாரத்தை அந்தச் சுவரே தாங்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது மடங்கி நிமிர்வதால் உள்ளே உஷ்ணம் ஏறிக்கொண்டே போகும். அந்த உஷ்ணத்தின் காரணமாகத்தான் இன்றைய ரன்-ஃபிளாட் டயர்களுக்கு, காற்றில்லாத நிலையில், மணிக்கு 50 மைல் வேகம், 50 மைல் தூரம் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். காற்று போனதை ஓட்டுகிறவர் உணரவே முடியாதபடி வண்டி ஒழுங்காக ஓடுமாதலால், டயருக்குள்ளேயே அழுத்தத்தை அளந்து அறிவிக்கும் கருவியும் கூடவே வேண்டியதாயிற்று.

ஐந்தாவது சக்கரம் ஒழிந்ததற்கு எடையையும் இடத்தையுமே எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். அவை மெய்யான காரணங்கள்தாம். எனினும் அவற்றைவிட ஆழமான ஒன்று உண்டு. ஐந்தாம் தலைமுறைக் கார்வெட்டில் முன் சக்கரம் 17 அங்குலம், பின் சக்கரம் 18 அங்குலம். டயரின் அளவுகளைக் கணக்கிட்டால் முன்னதன் முழு விட்டம் ஏறத்தாழ 652 மில்லிமீட்டர், பின்னதன் விட்டம் 677. எஞ்சினை நடுவிலே கொண்டுவந்து வைத்த எட்டாம் தலைமுறையில், 245/35 அளவுள்ள 19 அங்குல டயர் முன்னாலும், 305/30 அளவுள்ள 20 அங்குல டயர் பின்னாலும் இருக்கின்றன; விட்டங்களின் வித்தியாசம் 37 மில்லிமீட்டருக்கு வளர்ந்துவிட்டது. அப்படியானால் உபரியாக எடுத்துப் போவது எந்தச் சக்கரத்தை? முன் சக்கரத்தையா, பின் சக்கரத்தையா? முறைப்படி போவதென்றால் ஆறு சக்கரம் வேண்டும். ஒல்லியான தற்காலிகச் சக்கரத்தை மாட்டலாம் என்றாலோ, பெருத்துப்போன பிரேக் காலிப்பரை அதன் ரிம் இடிக்காமல் சுழல வேண்டும். அதைப் பின்பக்கம் மாட்டினால் டிஃபரன்ஷியலின் கஷ்டம் தொடங்கும். வண்டி திரும்பும்போது இரு பக்கத்துச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுப்பது அந்த உறுப்பின் வேலை. ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு சக்கரம் மாத்திரம் வீணாகச் சுழன்றுவிடாதபடி அதற்குள் கிளட்ச் தகடுகளை வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் சிறிய சக்கரத்தை மாட்டிக்கொண்டு நேர்ச்சாலையில் ஓட்டுகிறவரின் டிஃபரன்ஷியல், வண்டி ஓயாமல் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிருப்பதாக எண்ணி அத்தகடுகளை உரசிக்கொண்டே வரும். நான்கு சக்கரங்களும் சரிசமமாக இருந்த காலத்தில் ஐந்தாவது என்பதற்கு அர்த்தம் இருந்தது. வேகத்தை முன்னிட்டு அந்தச் சமத்துவம் போனபோதே ஐந்தாவதும் போய்விட்டது.

மற்றவர்களும் இவ்வழியே வந்தார்கள். 1989இல் பிறந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்னும் எளிய ஸ்போர்ட்ஸ் கார் முதல் இரண்டு தலைமுறைகளில் ஒல்லிச் சக்கரம் ஒன்றைச் சுமந்து, மூன்றாவதில் அதைக் கைவிட்டு ஒரு புட்டிப் பசைத் திரவத்தையும் கம்ப்ரசரையும் வைத்துக்கொண்டது. சாதாரண வண்டிகளும் பெட்ரோல் சிக்கனத்தை உத்தேசித்து அதையே பின்பற்றின. 2006ஆம் வருஷத்து வண்டிகளில் நூற்றுக்கு ஐந்தாக இருந்த இந்த வழக்கம் 2015இல் நூற்றுக்கு முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டதென்று அமெரிக்க மோட்டார் சங்கமாகிய ஏ.ஏ.ஏ. அறிவித்தது. நம் நாட்டிலும், டியூப் இல்லாத டயரும் பழுதுபார்க்கும் சாதனமும் காற்றழுத்தத்தை அறிவிக்கும் கருவியும் உள்ள சிறு பயணி வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய அரசாங்கம் விதியைத் திருத்திற்று.

இனி ரஸ்தாவுக்கு வருவோம். இந்தப் பிரச்சினையின் தீர்ப்பு வண்டியில் இல்லை, ரஸ்தாவில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தைக் குறுக்கே கடந்து போகும் 50ஆம் எண் நெடுஞ்சாலையை 1986இல் ‘லைஃப்’ பத்திரிகை நாட்டிலேயே மிகவும் தனிமையான சாலை என்று வர்ணித்தது. அந்த வசையையே விளம்பரமாக்கிக்கொண்டார்கள் மாநிலத்தார். ஒன்றன்பின் ஒன்றாக மலைத்தொடர்கள்; இரண்டு தொடர்களுக்கிடையே சாம்பல் நிறப் புதர் படர்ந்த சமவெளி; சமவெளியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோடு கிழித்தாற்போலச் சாலை. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய ஆசை காட்டும் இடம் பூலோகத்தில் அதிகமில்லை. ஈலி என்னும் ஊரிலிருந்து யூரேகாவுக்கு 77 மைல். யூரேகாவிலிருந்து ஆஸ்டினுக்கு 70 மைல். ஆஸ்டினிலிருந்து ஃபேலனுக்கு ஏறத்தாழ 110 மைல், அதாவது 177 கிலோமீட்டர். கடைசி வழியில் மிடில்கேட் என்னும் இடத்தில் ஒரு சத்திரமும் மதுக்கடையும் பெட்ரோல் பம்பும் உண்டு. பக்கத்து யூட்டா மாநிலத்தில் கிரீன் ரிவருக்கும் ஸலைனாவுக்கும் இடையே எழுபதாம் எண் இன்டர்ஸ்டேட் சாலையும் இப்படியே ஏறக்குறைய 110 மைல் தூரம் எவ்விதக் கடையும் இல்லாமல் ஓடுகிறது.

ரன்-ஃபிளாட் டயரின் 50 மைலை இந்தத் தூரங்களுக்கு எதிரே வைத்துப் பார்ப்போம். யூரேகாவுக்கும் ஆஸ்டினுக்கும் நடுவே எந்த இடத்தில் ஆணி ஏறினாலும் ஏதாவது ஓர் ஊர் 35 மைலுக்குள் வந்துவிடும். ஆஸ்டினுக்கும் ஃபேலனுக்கும் நடுவே மிடில்கேட்டையும் சேர்த்துக்கொண்டால், அதிகம் போனால் முப்பத்தைந்து மைல். ஆகவே கணக்கின்படி டயரே பிரயாணியை ஊரில் கொண்டு சேர்த்துவிடும் என்று ரன்-ஃபிளாட் கட்சியார் சந்தோஷப்படலாம். நானும் முதலில் அவ்விதமே சந்தோஷப்பட்டேன். பிறகுதான், சேர்க்கிற ஊர் எது என்று யோசித்தேன். ஆஸ்டின் ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கத்தினால் செழித்திருந்த பட்டணம். இன்று அதன் ஜனத்தொகை இருநூறுக்கும் குறைவு. அங்கே 305/30 அளவுள்ள 20 அங்குல ரன்-ஃபிளாட் டயர் ஒன்று அலமாரியில் காத்துக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்ப்பது, கிராமத்துப் பெட்டிக்கடையில் வீணைத் தந்தி கேட்பதற்குச் சமானம். அதற்கு ரீனோ நகரத்துக்குப் போக வேண்டும். ஆஸ்டினிலிருந்து ரீனோ ஏறத்தாழ 170 மைல். 50 மைல் வரம்பில் ஒரு பகுதியைத் தீர்த்துக்கொண்டு ஆஸ்டினில் வந்து நிற்கிற டயரால் அந்தத் தூரத்தைக் கடக்க முடியாது. ஊரைச் சேர்வது வேறு. டயரைச் சேர்வது வேறு.

ஆனால், இந்தக் காரணத்தைக் கொண்டே ஒல்லிச் சக்கரத்தைச் சுமந்து போக வேண்டும் என்று வாதிப்பவர்கள், அந்தச் சக்கரத்துக்கும் அதே 50 மைல் வேகமும் ஏறக்குறைய அதே தூர வரம்பும் விதித்திருப்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். வரம்பை மீறினால் உடனே வெடித்துவிடும் என்பதில்லை. நிதானமாக ஓட்டி அதைவிடத் தூரம் போனவர்கள் உண்டு. இருந்தாலும், மலைச் சரிவுகளில் 170 மைலை ஓர் ஊன்றுகோலின் தயவில் கடப்பது உல்லாசப் பிரயாணம் என்ற பெயருக்குப் பொருந்துமா என்பதை அவரவரே நிச்சயித்துக்கொள்ள வேண்டும். இழுவை வண்டியை அழைக்கலாமே என்றால், அழைப்பதற்குத் தொலைபேசித் தொடர்பு வேண்டும்; அந்தச் சமவெளிகள் பலவற்றில் அது கிடைப்பதில்லை. கிடைத்தாலும், ஏ.ஏ.ஏ. சங்கத்தின் சற்று உயர்ந்த சந்தாவுக்குக்கூட வழக்கமாக 100 மைல் வரையில்தான் இலவச இழுவை.

புட்டியில் வரும் பசைத் திரவத்தைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வால்வு வழியாக உள்ளே செலுத்தினால் ஓட்டை இருக்குமிடத்தில் போய் உறைந்து அடைக்கும். கால் அங்குலத்துக்கு மேற்பட்ட ஓட்டையை அடைக்காது, பக்கச் சுவரில் ஏற்பட்ட கிழிசலை அடைக்கவே அடைக்காது. பிறகு டயரைப் பழுதுபார்க்க வரும் கடைக்காரர் அந்தப் பிசினைக் கண்டவுடன் முகத்தைச் சுளிப்பார். சில வருஷங்களில் புட்டியின் காலக்கெடு தீர்ந்துவிடும். அதில் அச்சிட்டிருக்கும் தேதியைப் படித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

இந்தச் சாதனங்களிலெல்லாம் மிகவும் மலிவானதும் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவதும் பஞ்சர் ஒட்டும் கிட்தான். ஒரு துளை ராவி, கண் பிளந்த ஓர் ஊசி, பிசின் தோய்த்த நாலைந்து திரிகள், ஒரு குறடு, சிகரெட் லைட்டர்த் துளையில் செருகும் ஒரு கம்ப்ரசர்: எல்லாம் சேர்ந்து ஒரு சாப்பாட்டுத் தூக்குக்குள் அடங்கிவிடும். நம் ஊர்ச் சாலையோரத்துப் பஞ்சர்க் கடைக்காரர், பக்கத்து டீக்கடையில் நாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், டயரைக் கழற்றாமலே ஆணியைப் பிடுங்கி, துளையை ராவி, திரியைச் செருகி, நீட்டிக்கொண்டிருக்கும் வாலை அறுத்துவிட்டுக் காற்றடித்து அனுப்பும் அதே வித்தை நெவாடாவிலும் செல்லும். டயர் சாஸ்திரிகள் இதைச் சரியான வைத்தியம் என்று ஒப்புக்கொள்வதில்லை; டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டும் அடைப்பும் ஒன்றுசேர்ந்த துண்டைப் போடுவதே முறை என்பதும், ஓட்டை நடுப்பட்டையில் கால் அங்குலத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பதும், பிறகு டயரின் உச்ச வேகத் தகுதியை நம்பக் கூடாது என்பதும் அவர்கள் அபிப்பிராயம், அது நியாயமானதே. ஆனாலும் மற்ற சாதனங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. ரன்-ஃபிளாட் சுவரும் ஒல்லிச் சக்கரமும் பசைத் திரவமும் கோலைத் தருகின்றன. திரி ஒன்றுதான் காலைத் திருப்பித் தருகிறது. முன் சக்கரமா பின் சக்கரமா என்னும் கேள்வி அதற்கு இல்லை. டிஃபரன்ஷியலுக்கு அதனால் உரசல் இல்லை. 170 மைல் போவதற்கு அதனிடம் அநுமதி கேட்க வேண்டியதும் இல்லை. ரன்-ஃபிளாட்டின் கடினமான நடையையும் விலையையும் வெறுத்துச் சாதாரண டயருக்கு மாறிக்கொள்ளும் கார்வெட்காரர்கள் அநேகர் இந்தக் கிட்டை நம்பியே கண்டத்தைக் கடக்கிறார்கள். அவர்களை அசட்டுத் துணிச்சல்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

அப்படியானால் உபரிச் சக்கரத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. கூரிய கல் பக்கச் சுவரைக் கிழித்துவிட்டாலோ, குழியில் மோதி ரிம் நசுங்கிவிட்டாலோ, திரி ஒன்றும் செய்யாது. செப்பனிட்ட ரஸ்தாவை விட்டு விலகாதவர்களுக்கு இது அபூர்வமாகவே நேரும். பழைய சுரங்க ஊர்களைப் பார்க்கும் ஆசையில் சரளைப் பாதையில் இறங்குகிறவர்களுக்கு அவ்வளவு அபூர்வமன்று. அத்தகையவர்கள் ஒரு சக்கரத்தை எடுத்துக்கொள்வது விவேகம். ஆனால் எடுத்துக்கொள்வதன் முழு விலையையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாம் தலைமுறைக் கார்வெட்டின் பின்புறம் விசாலமானது. அதில் சக்கரத்தைப் படுக்கவைத்தாலும் இரண்டு பைகளுக்கு இடம் மிஞ்சும். ஆனால் அந்த இடத்துக்கும் ஆசனங்களுக்கும் நடுவே தடுப்புச் சுவர் இல்லை. அவசரமாகப் பிரேக் போட்டால் கட்டாத சக்கரம் ஓட்டுகிறவரின் பிடரியை நோக்கித்தான் வரும். எட்டாம் தலைமுறை வண்டியில் முன்னும் பின்னுமாக இருக்கிற இரண்டு அறைகளையும் கூட்டினாலும் 357 லிட்டர்தான். பின் அறை கோல்ஃப் பைகளுக்கும், கழற்றிய கூரையை வைப்பதற்கும் என்று வகுத்தது. அதில் சக்கரம் ஏறினால் பெட்டி இறங்கும்.

இன்னொரு விஷயம். உபரிச் சக்கரத்தை எங்கே வைப்பது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள், கழற்றிய சக்கரத்தை எங்கே வைப்பது என்று ஒரு கணமும் யோசிப்பதில்லை. ஒல்லிச் சக்கரம் கிடந்த இடத்தில், 305 மில்லிமீட்டர் அகலமும் 20 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் சேறும் பிரேக் தூளும் கொண்ட பின் சக்கரம் அடங்காது. பெட்டிகளை ரோட்டோரத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது. சக்கரத்தை விட்டுவிட்டுப் போகலாமென்றால் ரிம்மின் விலை நினைவுக்கு வரும். இரண்டே ஆசனமுள்ள வண்டியில் கடைசியில் அது பக்கத்து ஆசனத்தில் இருப்பவரின் மடியில்தான் போய்ச் சேர்கிறது. தம்பதிகளாகப் பிரயாணம் போகிறவர்கள் இந்த ஏற்பாட்டைப் புறப்படுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்வது நலம்.

ஜாக்கியின் விஷயமும் அப்படித்தான். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையே அரைச் சாண்தான் இருக்கிறது. காற்றிறங்கினால் அதுவும் குறைந்துவிடும். கடையில் வாங்கும் ஜாக்கியைக் கொண்டுபோய் நுழைக்கப் பார்த்தால் தலை மாத்திரம் உள்ளே போகும். அநுபவசாலிகள் ஒரு முழ நீளத்தில் இரண்டு பலகைத் துண்டுகளை எடுத்துச் சென்று, சக்கரத்தை முதலில் பலகைமேல் ஏற்றி, அதன்பின் தாழ்வான ஜாக்கியை நுழைப்பார்கள். அடியில் உரிய இடத்தைத் தவிர வேறிடத்தில் ஜாக்கியின் தலை பட்டால் ஃபைபர் உடல் விரிசல் கண்டுவிடும் என்பதால், அந்த இடத்தில் பொருந்தும் ரப்பர்க் கட்டையையும் கூடவே கொண்டுபோவார்கள்.

இவ்வளவு முன்னேற்பாட்டோடு சக்கரம், ஜாக்கி, பலகை, ஸ்பானர், கட்டுவதற்கு வார் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஈலியைவிட்டுப் புறப்படுகிறவருக்கு வழியில் ஒரு நாள் உண்மையாகவே சக்கரத்தை மாற்ற நேரிட்டால், அந்த ஒல்லிச் சக்கரத்தை வெளியே எடுத்துத் தரையில் போட்டவுடன் கேட்கும் சத்தத்திலேயே விஷயம் விளங்கிவிடும். பல வருஷமாக யாரும் தொடாத அந்தச் சக்கரத்தில் 60 பவுண்டு இருக்க வேண்டிய காற்று இருபதோ இருபத்தைந்தோதான் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு போவதற்கு முன்னால், திரிகளோடு கூட வைத்திருந்த அந்தச் சிறு கம்ப்ரசரைத்தான் அவர் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.